பனிக்கு ஸ்பானிஷில் என்ன? காரைக்குடிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் ஸ்பானிஷ் படிக்க வருகிறவர்கள் பலவிதம். கானாடுகாத்தான், ஆத்தங்குடிப் பக்கம் பழைய வீடுகளைச் சுற்றிக்காட்டும் வழிகாட்டிகள், மேற்படிப்புக்கு ஸ்பெயின் போகப்போகும் பிள்ளைகள், பேரன் பேத்தி அங்கே இருப்பதால் நாலு வார்த்தை கற்றுக்கொள்ள நினைக்கும் ஆச்சிமார். சாப்பாடு, குடும்பம், கடைத்தெரு எல்லாம் சுலபமாகப் போகும். குளிர்காலப் பாடம் வந்தவுடன் ஒரே மாதிரிச் சந்தேகங்கள் கிளம்பும். அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

பனிக்கு ஸ்பானிஷ்ல என்ன டீச்சர்? ஒரு சொல் சொன்னா எழுதிக்கிறேன்.

ஒரு சொல் போதாது. மார்கழி விடியலில் கோலம் போட வெளியே வரும்போது செம்பருத்தி இலையில் நிற்கும் துளி ரோசீயோ. அதே நேரம் திருப்பத்தூர்ச் சாலையில், எதிரே வரும் பஸ்ஸின் விளக்கு மட்டும் தெரிகிற மாதிரி கவிந்திருப்பது நியெப்லா; லேசாக இருந்தால் நெப்லீனா. வானத்திலிருந்து வெள்ளையாக விழுவது நியெவே. கடுங்குளிர் இரவில் புல்லிலும் கார்க் கண்ணாடியிலும் வெள்ளையாகப் படிந்து உறைவது எஸ்கார்ச்சா. கட்டியாகிவிட்டால், ஃபிரிட்ஜில் இருந்தாலும் ஏரியின் மேல் இருந்தாலும், யேலோ.

ஆகவே பனி என்ற சொல்லை விட்டுவிட்டுப் பொருளைப் பாருங்கள். விழுகிறதா, மிதக்கிறதா, படிந்திருக்கிறதா, உறைந்து கிடக்கிறதா? அதற்கேற்ற சொல் தானாக வரும். நம் ஊரில் கண்ணால் பார்க்கக் கிடைப்பது ரோசீயோவும் நியெப்லாவும்தான். "இன்று காலை இங்கே நியெவே" என்று ஒரு வழிகாட்டி சொன்னால் விருந்தாளி கேமராவை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடுவார்.

நீங்க தமிழ்ல எழுதித் தர்றீங்களே, அதை அப்படியே படிச்சா உச்சரிப்பு சரியா வருமா?

பெரும்பாலும் வரும். ஸ்பானிஷுக்குத் தமிழ் எழுத்து ஆங்கிலத்தைவிடவே நன்றாகப் பொருந்துகிறது. இரண்டு உயிருக்கு நடுவில் வரும் த, "அது" என்பதில் வருவதுபோல் மெத்தென்று ஒலிக்கும். நெவாதா, எலாதோ இரண்டிலும் அதுதான். வல்லினம் இரட்டித்து எழுதியிருந்தால் அழுத்திச் சொல்லுங்கள். ஞ நம்மிடம் இருக்கிறது, அவர்களிடமும் இருக்கிறது: பனியில் செய்யும் பொம்மை முஞேக்கோ தெ நியெவே. ற என்று நான் எழுதுமிடத்திலும், சொல்லின் தொடக்கத்தில் வரும் ர-விலும் நாக்கை நன்றாக உருட்ட வேண்டும்.

கவனிக்க வேண்டியது வி (v), பி (b) எழுத்துகள். ஸ்பானிஷில் இரண்டுக்கும் ஒரே ஒலி. சொல்லின் தொடக்கத்திலும் மெல்லினத்தை அடுத்தும் "பஸ்" என்பதில் வரும் ப. உயிர்களுக்கு நடுவில் உதடு ஒட்டாத வ. அதனால்தான் கோடைகாலம் பெரானோ. குளிர்காலத்தை ஏட்டில் "இன்வியெர்னோ" என்று இருப்பதாகப் படித்தாலும் வாயில் வருவது இம்பியெர்னோ. ஆங்கில எச் (h) எழுத்து, ச ஒலி தரும் ch தவிர, எங்கே வந்தாலும் ஊமை. ஐஸ்கிரீம் எலாதோதான், ஹெலாதோ கிடையாது.

வெயில் அடிச்சா நாற்பது டிகிரி ஊர்ல இருந்துக்கிட்டு இதைப் படிச்சு என்ன ஆகப்போகுது?

ஸ்பெயின் என்றாலே வெயிலும் கடற்கரையும் என்று நினைப்பதால் வரும் கேள்வி. மாட்ரிட் கடலிலிருந்து 650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதற்கு அருகிலுள்ள ஆவிலா 1,100 மீட்டருக்கு மேல். 2021 ஜனவரியில் ஃபிலோமேனா என்று பெயரிட்ட புயல் வந்து மாட்ரிட்டில் சில இடங்களில் அரை மீட்டர் வரை பனி கொட்டியது. விமான நிலையம் மூடப்பட்டது. அப்புறம் குளிர் அலை வந்து, விழுந்த பனி தெருவில் கட்டியாகிப் பல நாள் அசையாமல் கிடந்தது. ஆண்டீஸ் மலைத்தொடர் நெடுகப் பனி பார்த்துப் பழகிய ஸ்பானிஷ்காரர்கள் இருக்கிறார்கள். மார்கழி, தையில் செட்டிநாட்டுக்கு வரும் விருந்தாளி எதிலிருந்து தப்பி வந்திருக்கிறார் என்று தெரிந்தால் பேச்சு நீளும். தெலே (DELE) என்ற ஸ்பானிஷ் மொழித் தேர்வு எழுதுகிறவர்களுக்கு வானிலைச் சொற்கள் ஆரம்ப நிலையிலேயே வேண்டும்.

"குளிருது"ங்கிறதுக்கு மூணு விதமா எழுதியிருக்கீங்க. எது சரி?

மூன்றும் சரி, இடம் வேறு. வெளியே குளிராக இருக்கிறது என்றால் ஆசே ஃப்ரீயோ. எனக்குக் குளிருகிறது என்றால் தெங்கோ ஃப்ரீயோ. காபி ஆறிப்போனது, கை ஜில்லென்று இருக்கிறது என்றால் எஸ்தா ஃப்ரீயோ, எஸ்தா ஃப்ரீயா. தெங்கோ என்றால் "என்னிடம் இருக்கிறது". பசிக்கும் தாகத்துக்கும் தூக்கத்துக்கும் அதையேதான் போடுவார்கள். "எனக்கு" என்று தமிழில் வரும் இடங்களில் பல, தெங்கோ வரும் இடங்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

சோய் ஃப்ரீயோ என்று மட்டும் சொல்லாதீர்கள். நான் அன்பில்லாதவன், ஒட்டாதவன் என்று ஆகிவிடும். ரொம்பக் குளிர் என்பதற்கு முய் ஃப்ரீயோ இங்கே வராது, முச்சோ ஃப்ரீயோதான். ஆசே முச்சோ ஃப்ரீயோ, தெங்கோ முச்சோ ஃப்ரீயோ. இதைத் தப்பாகச் சொன்னாலும் புரிந்துகொள்வார்கள், ஆனால் தேர்வில் மதிப்பெண் போகும்.

"பனி பெய்யுது"ன்னு சொல்ல "லா நியெவே" போட்டு அப்புறம் என்ன வினைச்சொல் போடணும்?

லா நியெவே வேண்டாம். நியெவா, அவ்வளவுதான். ஒரே சொல், முழு வாக்கியம். பெய்வது எது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, வினைக்குள்ளேயே அது அடங்கிவிட்டது. மழைக்கும் யுவேவே என்ற ஒரு சொல். நாம் "குளிருது", "புழுங்குது" என்று எழுவாய் இல்லாமல் சொல்கிறோமே, அதே போக்கு.

வினையின் மூல வடிவம் நெவார். அழுத்தம் முதல் அசையில் விழும்போது நெ என்பது நியெ ஆகும்: நியெவா. அழுத்தம் பின்னால் போய்விட்டால் நெ அப்படியே நிற்கும்: நெவோ (பெய்தது), நெவாவா (பெய்துகொண்டிருந்தது), எஸ்தா நெவாந்தோ (இப்போது பெய்துகொண்டிருக்கிறது), பா ஆ நெவார் (பெய்யப்போகிறது). உறைவதற்கு எலார், யேலா என்று இதே கணக்கு. நியெவே, நியெவா இரண்டில் மட்டும், முடிவில் ஏ வந்தால் பெயர்ச்சொல், ஆ வந்தால் வினை என்று இப்போதைக்கு நினைவில் வையுங்கள். இதற்கு ஒரு விலக்கு உண்டு, பின்னால் வருகிறது.

நெவாதா, நெவாதோ, நெவேரா. இதுல எது மலை, எது ஃபிரிட்ஜ்?

மூன்றும் நியெவே குடும்பம்தான். ஊன நெவாதா என்றால் ஒருமுறை அடித்துக் கொட்டிய பனிப்பொழிவு. பெயரடையாக வந்தால் பனி மூடிய என்று பொருள்; சியெறா நெவாதா என்றால் பனி மூடிய மலைத்தொடர். கிரனாதா நகரத்துக்கு அருகில் இருக்கிறது. அதிலுள்ள முலாசேன் சிகரம் சுமார் 3,480 மீட்டர், ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருக்கிற ஐபீரியத் தீபகற்பத்திலேயே உயரமானது. அமெரிக்காவில் அதே பெயரில் இன்னொரு மலைத்தொடர் உண்டு. நெவாடா மாநிலத்தின் பெயர் அதிலிருந்து வந்தது. எல் நெவாதோ என்று ஆண்பாலில் சொன்னால் தென்னமெரிக்காவில் உச்சியில் நிரந்தரப் பனி உள்ள மலை. பெருவில் நெவாதோ உவாஸ்கரான், கொலம்பியாவில் நெவாதோ தெல் ருயீஸ். இரண்டாவது எரிமலை. 1985 நவம்பரில் அது வெடித்தபோது உச்சியிலிருந்த பனி உருகி, சேற்று வெள்ளமாக இறங்கி அர்மேரோ என்ற ஊரையே மூடியது. 20,000 பேருக்கு மேல் செத்தார்கள். கொலம்பியா விருந்தாளியிடம் இந்தப் பெயரை விளையாட்டாக எடுக்க வேண்டாம்.

நெவேரா ஃபிரிட்ஜ். மின்சாரம் வருவதற்கு முன் ஸ்பெயினில் மலைப்பக்கம் ஆழக் குழி வெட்டி, கல் கட்டி, குளிர்காலப் பனியை அடுக்கடுக்காகக் கொட்டி மிதித்து, நடுவே வைக்கோல் போட்டு மூடி வைப்பார்கள். கோடையில் அதை வெட்டி எடுத்து இரவோடிரவாகக் கழுதைமேல் ஏற்றி நகரத்தில் விற்பார்கள். அந்தக் கிடங்குகளுக்கும் நெவேரா என்று பெயர் இருந்தது. பெட்டி மாறியும் பெயர் மாறவில்லை. இதை விருந்தாளியிடம் சொல்லிப் பாருங்கள், பல ஸ்பானிஷ்காரர்களே யோசித்திருக்க மாட்டார்கள். அர்ஜென்டினாக்காரர் மட்டும் எலாதேரா என்பார், மெக்சிகோவில் ரெஃப்ரிஹெராதோர்.

எலாதோ ஐஸ்கிரீம்னா, "எஸ்தோய் எலாதோ"ன்னு ஒருத்தர் சொன்னாரே, அவர் ஐஸ்கிரீமா?

குளிரில் விறைத்துப்போய்விட்டேன் என்கிறார். பெண் சொன்னால் எஸ்தோய் எலாதா. எலாதோ என்றால் உறைந்தது. அதுவே பெயராக நின்றால் ஐஸ்கிரீம். ஊன எலாதா என்றால் வேறு: இரவில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போய்ப் பயிர் கருகுவது. விவசாயிக்குக் கவலை தரும் சொல். அப்படிப்பட்ட இரவு விடியும்போது புல்லில் தெரியும் வெள்ளைதான் முதல் பதிலில் சொன்ன எஸ்கார்ச்சா.

மெக்சிகோக்காரர் இன்னும் குழப்புவார். அங்கே பால் சேர்க்காத பழ ஐஸுக்கு நியெவே என்றே பெயர். நியெவே தெ லிமோன் கேட்டால் எலுமிச்சை ஐஸ் வரும்.

ஆலங்கட்டி மழைக்கு?

கிரனீசோ. பெய்கிறது என்றால் கிரனீசா. கிரனிசாதோ என்று கடையில் எழுதியிருந்தால் பயப்பட வேண்டாம், பொடித்த ஐஸ் போட்ட சர்பத்.

அகுவா பெண்பால், ஆனா "எல் அகுவா"ன்னு சொல்றோம். அப்போ மழையும் பனியும் கலந்து விழுறதுக்கு "எல் அகுவாநியெவே"தானே?

நல்ல கேள்வி, ஆனால் இல்லை. பெண்பால் சொல்லுக்கு முன் எல் வருவதற்குக் காரணம் ஒன்றுதான்: சொல் ஆ ஒலியில் தொடங்க வேண்டும், அழுத்தமும் அதே அசையில் விழ வேண்டும். அகுவாவில் அப்படி விழுகிறது. அகுவாநியெவேயில் அழுத்தம் நியெ மீது போய்விட்டது. அதனால் லா அகுவாநியெவே. அங்கேயுள்ள பலரே எல் போட்டுச் சொல்வதைக் கேட்பீர்கள்; எழுதும்போது நீங்கள் லா போடுங்கள்.

எங்க பேரன் மாட்ரிட்ல இருக்கான். அந்த ஊர் வானிலை அறிக்கை கேட்டா தலையும் புரியல வாலும் புரியல. முக்கியமானதை மட்டும் சொல்லுங்க.

சரி ஆச்சி, காதில் அதிகம் விழுபவை இவை. பொறாஸ்கா என்றால் மழை, காற்று, பனி எல்லாம் கொண்டுவரும் புயல். ஃபிலோமேனா ஒரு பொறாஸ்கா. ஓலா தெ ஃப்ரீயோ குளிர் அலை. சின்கோ கிராதோஸ் பாஹோ சேரோ என்றால் பூஜ்யத்துக்குக் கீழே ஐந்து டிகிரி. கோத்தா தெ நியெவே என்று சொல்லி ஒரு மீட்டர்க் கணக்கு சொல்வார்கள். அந்த உயரத்துக்கு மேல் உள்ள இடத்தில் பனியாக விழும், கீழே மழையாக விழும். மாட்ரிட் 650 மீட்டர் என்று சொன்னேன் அல்லவா? கோத்தா 1,200 என்றால் பேரனுக்கு மழை. 500 என்றால் பேரன் பனி பார்ப்பான். எச்சரிக்கைக்கு நிறம் வைத்திருக்கிறார்கள்: அமரீயோ மஞ்சள், நராங்ஹா ஆரஞ்சு, றோஹோ சிவப்பு. சிவப்பு என்றால் வீட்டைவிட்டு வெளியே போகாதே என்று போன் போடலாம்.

இன்னொரு சொல் குவாஹார். லா நியெவே குவாஹா என்றால் விழுந்த பனி உருகாமல் தரையில் தங்கிவிட்டது. பால் உறைவதற்கும் இதே வினைதான். குவாஹாதா என்று தயிர் மாதிரி ஒரு பண்டமும் கடையில் கிடைக்கும். பனி விழுந்தும் குவாஹார் ஆகவில்லை என்றால் ரோடு வெறும் ஈரம், வண்டி போகும். ஆகிவிட்டால் கித்தாநியெவேஸ் என்கிற பனி அள்ளும் வண்டி வரவேண்டும், டயருக்குக் கதேனாஸ், அதாவது சங்கிலி, கட்டவேண்டும்.

கூடத் தங்கியிருக்கிற பையன் "எஸ்தோய் கொன்ஸ்திப்பாதோ"ங்கிறான். வாழைப்பழம் வாங்கிக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் அவனுக்கு இருப்பது ஜலதோஷம். ஆங்கிலம் தெரிந்த எல்லோரும் விழும் குழி இது. ஸ்பெயினில் கொன்ஸ்திப்பாதோ என்றால் மூக்கடைப்பும் சளியும். மலச்சிக்கலுக்கு எஸ்த்ரெஞீதோ. குழப்பமே வேண்டாம் என்றால் ரெஸ்ஃப்ரியாதோ என்று சொல்லிவிடுங்கள், எல்லா நாட்டிலும் ஜலதோஷம் என்றே புரியும்.

ஸ்வெட்டர், ஜாக்கெட், மஃப்ளர்?

நீளக் கோட்டு அப்ரீகோ, மஃப்ளர் புஃபாந்தா, கையுறை குவான்த்தேஸ், தொப்பி கோறோ. ஸ்வெட்டர் ஸ்பெயினில் ஹெர்செய், வேறு பல நாடுகளில் சுவேத்தெர். ஜாக்கெட்டுக்கு ஸ்பெயினில் சக்கேத்தா, அர்ஜென்டினாவில் கம்பேரா, மெக்சிகோவில் சமாறா. மெக்சிகோக்காரரிடம் சக்கேத்தா என்று சொல்லாதீர்கள். அங்கே அதற்குக் கொச்சையான பொருள் இருக்கிறது.

கொலம்பியாவிலிருந்து வந்தவர் "எங்க ஊர்ல இப்போ இம்பியெர்னோ, 28 டிகிரி"ன்னார். கிண்டல் பண்றாரா?

உண்மையைத்தான் சொன்னார். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு நான்கு பருவம் கிடையாது. கொலம்பியா, எக்வதோர், மத்திய அமெரிக்க நாடுகளில் மழைக்காலத்தை இம்பியெர்னோ என்றும் மழை இல்லாத காலத்தைப் பெரானோ என்றும் சொல்வது வழக்கம். தென் ஸ்பெயினில் குளிர்காலத்தில்தான் மழை பெய்யும், கோடை வறட்சி. அந்தக் கணக்கில் பார்த்தால் மழை வந்தால் இம்பியெர்னோதானே. அவர்களிடம் நம் ஐப்பசி, கார்த்திகை அடைமழையை இம்பியெர்னோ என்று சொன்னால் உடனே தலையாட்டுவார்கள். அதையே மாட்ரிட்காரரிடம் சொன்னால் கம்பளி எடுத்து வைப்பார்.

அர்ஜென்டினா, சிலி கதை வேறு. அங்கே உண்மையான குளிர்காலம் உண்டு, ஆனால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. அர்ஜென்டினாவின் பரிலோச்சேயில் பனிச்சறுக்கு விளையாட ஜூலையில் கூட்டம் கூடும். நமக்கு அது ஆடி. "டிசம்பர்ல உங்க ஊர்ல பனியா இருக்குமே?" என்று புவெனோஸ் ஐரெஸ்காரரிடம் கேட்டால், அவர் விசிறியைத் தேடுகிற மாதம் அது.

"ஓஹலா நியெவே"ன்னு ஒரு வாக்கியம் பார்த்தேன். வினை நியெவா, பெயர் நியெவேன்னு நீங்கதானே சொன்னீங்க?

முன்பு சொன்ன விலக்கு இதுதான். ஓஹலா என்றால் "அப்படி நடக்கக் கூடாதா" என்ற ஏக்கம், அரபியிலிருந்து வந்த சொல். அதன் பின்னால் வரும் வினை விருப்ப வடிவம் எடுக்கும். நெவார் விருப்ப வடிவம் எடுத்தால் நியெவே ஆகிவிடும். பெயர்ச்சொல்லோடு எழுத்துக்கு எழுத்து ஒன்று. பனி பெய்யாதா என்று ஆசைப்படுகிறார். நோ க்ரேயோ கே நியெவே என்றால் பெய்யும் என்று தோன்றவில்லை. லா, ஊன என்று முன்னால் ஏதாவது இருந்தால் பெயர். கே, ஓஹலா இருந்தால் வினை.

வீட்டுச் சுவருக்கு முட்டை வெள்ளைக்கரு பூசினாங்கன்னு சொன்னதும் சுத்திப் பார்க்க வந்த அம்மா "ஆ புந்த்தோ தெ நியெவே?"ன்னு சிரிச்சாங்க. புரியவே இல்லை.

வெள்ளைக்கருவைக் கேக்குக்கு அடிப்பது போல் நுரை நிற்கிற அளவுக்கு அடித்தால் அதற்கு "பனிப் பதம்" என்று பெயர், ஆ புந்த்தோ தெ நியெவே. நம் சுவருக்கும் அப்படி அடித்தார்களா என்று கேலியாகக் கேட்டிருக்கிறார். வழிகாட்டிகள் எல்லோருக்கும் கிளாரா தெ உவேவோ, வெள்ளைக்கரு, மனப்பாடம், இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பனி பத்தி அவங்ககிட்ட பழமொழி இருக்கா?

அஞ்ஞோ தெ நியெவேஸ், அஞ்ஞோ தெ பியெனேஸ். பனி நிறைய விழுந்த வருஷம், விளைச்சல் நிறைந்த வருஷம். மலையில் குவிந்த பனி வசந்தத்தில் மெல்ல மெல்ல உருகி ஆற்றுக்கும் வயலுக்கும் வருகிறது. நமக்கு ஊருணியும் கண்மாயும் எப்படியோ, அவர்களுக்கு அந்த மலை உச்சி.

நம்ம "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" பழமொழியை அவங்ககிட்ட சொல்ல முடியுமா? அப்பத்தா "பனியில நிக்காதே, தலையை மூடு"ம்பாங்களே, அந்தப் பனிக்கும் சொல் வேணும்.

இது முதல் பதிலில் இல்லாத பனி. கண்ணுக்குத் தெரியாது, இலையில் நிற்காது. ராத்திரி வெளியே உட்கார்ந்தால் தலையிலும் தோளிலும் இறங்கும் ஈரக் குளிர். ரோசீயோ என்றால் துளி, அது போதாது. நியெவே சொல்லவே கூடாது. ஸ்பெயினில் இதற்கு ரெலென்த்தே என்று தனிச்சொல் இருக்கிறது: தெளிந்த இரவில் காற்றில் இருக்கும் ஈரம். லத்தீன் அமெரிக்காவில் செரேனோ என்பார்கள். கரீபியன் பக்கத்து அம்மாக்கள் பிள்ளைகளைச் செரேனோ படும்படி நிற்காதே, சளி பிடிக்கும் என்று அதட்டுவார்கள். அப்பத்தாவும் அவர்களும் சந்தித்தால் மொழிபெயர்ப்பாளரே தேவைப்படாது. (ஸ்பெயினில் இரவுக் காவல்காரருக்கும் செரேனோ என்று பெயர் இருந்தது. ராத்திரி முழுக்க வெளியே நிற்பவர்தானே.)

பழமொழியை இப்படிச் சொல்லலாம்: எல் ரெலென்த்தே தெ எனேரோ த்ராஸ்பாசா எல் சுவேலோ, எல் தெ ஃபெப்ரேரோ, எல் தெச்சோ. தை ஜனவரி நடுவில்தான் தொடங்குகிறது என்பதால் மாதம் அச்சாகப் பொருந்தாது, பரவாயில்லை. சாப்பிட்டுவிட்டு இரவில் முற்றத்தில் பேசிக்கொண்டே உட்கார்ந்துவிடும் விருந்தாளியிடம் சொல்ல வேண்டியது: கூப்ராசே லா கவேசா, கே ஆய் ரெலென்த்தே. தலையை மூடிக்கொள்ளுங்கள், பனி இறங்குது. வயதில் சின்னவர், நன்றாகப் பழகியவர் என்றால் கூப்ராசேக்குப் பதில் கூப்ரெத்தே.